வலது இருக்கை

அக்கா கதவைத் திறந்ததும் வழக்கம்போல, "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னான். காலையில் அவள் போன் செய்ததிலிருந்தே அவன் எதையும் வாயில் வைக்கவில்லை. அவள் கணவர், அவனுடைய மாமா, விபத்தில் இறந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த அவர் அறையைத் திறந்துவிட்டாளாம். கம்ப்யூட்டரில் மாமா ஓட்டிப் பழகிய அந்த விமானத்தைப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். அவளே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கப் போகிறாளாம்.

"அப்படி என்ன கவனம் இல்லாம இருந்தார்னு நான் பார்க்கணும்டா," என்றாள்.

அவ்வளவுதான். டீ போடச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அறையில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. வெளியே பளீரென்ற வெயில், உள்ளே மங்கல். மேசையில் அகலமான திரை, விமானத்தில் இருப்பதுபோன்ற ஸ்டீயரிங், காலடியில் பெடல்கள், எதிரே எங்கோ கழித்துப்போட்ட விமானத்திலிருந்து மாமா வாங்கிவந்த இருக்கை. மாமா அதில் உட்கார்ந்துவிட்டால் வீடே இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அந்த இருக்கையை அக்கா 'என் சக்களத்தி' என்பாள். இப்போது சக்களத்தியின் மேல் தூசி படிந்திருந்தது. உட்காரும் இடத்தில் மட்டும் இல்லை. அக்கா துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் பிழைப்பு ஒரு பிரிண்டிங் கடையில் டிசைனர் வேலை. மனசு முழுக்க வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்குள் இருக்கும் விமானங்களை நிஜ விமானம்போல மாற்றுவான். கடையில் வாங்கிய விமானம் பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கும். அவன் அதன் மேல் போர்த்தப்படும் படங்களைப் புதிதாகச் செய்து போடுவான். ஆணித்தலை, கீறல், எண்ணெய்க் கறை, கதவோரம் உரிந்த பெயின்ட் எல்லாம் வந்துவிடும். அந்தப் படங்களுக்கு டெக்ஸ்சர் என்று பெயர். அவனைப் பொறுத்தவரை அழுக்கில்லாத விமானம் விமானமே இல்லை.

மாமா பறக்கக் கற்றுக்கொண்ட கிளப்பின் பழைய விமானத்தையும் அப்படித்தான் செய்துகொடுத்தான். மாமா நேரில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார். உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானி பொம்மைக்கு மாமாவின் முகத்தையே போட்டான். "தலையில கொஞ்சம் முடி சேர்த்துப் போடுடா பெயின்டர். கம்ப்யூட்டர்லயாவது இருக்கட்டும்," என்றார் அவர். அவர் அவனைக் கூப்பிடுவதே பெயின்டர் என்றுதான்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். அந்த ஒரு போட்டோவைத் தவிர.

அந்த விமானத்தில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டேங்க். விமானியின் இடது முழங்கால் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் இடது டேங்க், பின்னால் இழுத்தால் வலது. பக்கத்தில் எழுதியிருந்த எழுத்து பலர் கைபட்டுத் தேய்ந்துபோயிருந்தது. அந்தச் சுவரின் போட்டோவில் வெயில் தவறான பக்கத்திலிருந்து விழுந்திருந்தது, நிழல் மற்ற படங்களோடு ஒட்டவில்லை. அதனால் அவன் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிப் போட்டான். இந்த வேலை செய்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். எழுத்து நன்றாக இருந்திருந்தால் திரும்பித் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். தேய்ந்த எழுத்து காட்டிக்கொடுக்கவில்லை. சில நாள் கழித்து, திருப்பியதையே மறந்துவிட்டு, மிச்சமிருந்த சுவடு பார்த்து எழுத்தை நிரப்பினான். முன்னால் வலது. பின்னால் இடது.

மாமா மாதக்கணக்கில் அதில் பழகினார். கம்ப்யூட்டரில் இரண்டு டேங்கையும் நிறைத்துவைத்தே ஓட்டியதால் தப்பு வெளிப்படவில்லை, கை பழகிவிட்டது.

நிஜ விமானத்தில், தரையை விட்டு எழும்பிக் கொஞ்ச நேரத்தில், நிறைந்திருந்த டேங்குக்கு மாற்றுவதாக நினைத்துக் காலி டேங்குக்கு மாற்றினார். எஞ்சின் நின்றது. விமானம் ஓடுபாதைக்கு அப்பால் வயலில் விழுந்தது. ஒரு டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. விமானியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இன்றைக்கும் மாமாவைத்தான் உதாரணம் காட்டுகிறார்களாம்.

எழுத்து மாறிக் கிடப்பது அவனுக்கு அதற்கு முன்பே தெரியும். அதுதான் அவனால் யாரிடமும் சொல்ல முடியாத விஷயம். விபத்துக்குச் சில நாள் முன்பு அசல் போட்டோவைப் பார்த்தபோது, கீறல் விழுந்த ஒரு திருகாணி முன்னால் இருப்பதைக் கவனித்தான். அவன் படத்தில் அது பின்னால் இருந்தது. திக்கென்றது. உடனே மாமாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். புகைக்கறையெல்லாம் சேர்த்துப் புதுப் பதிப்பு செய்துகொண்டிருந்தான், அதோடு சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். விளையாட்டுதானே என்று நினைத்தான்.

இப்போது அக்கா உட்காருவதற்குள் எழுத்தை மாற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டு, படத்தைத் திறந்து, இரண்டு சொல்லையும் இடம் மாற்றிச் சேமித்தான். விமானத்தைத் திறந்து உள்ளே பார்த்தான்.

முன்னால் வலது. பின்னால் இடது.

பழைய படம் எங்கோ தங்கியிருக்கும், சில சமயம் அப்படி ஆவதுதான் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டான்.

முன்னால் வலது. பின்னால் இடது.

மூன்றாவது தடவை போட்டபோது எழுத்தே இல்லை. நிஜ விமானத்தில் இருந்ததுபோல வெறும் தேய்ந்த சுவடு.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பெட்ரோல். லேசாக, பக்கத்தில் யாரோ கை துடைத்த துணியை வைத்திருப்பதுபோல. ஜன்னலைப் பார்த்தான், மூடித்தான் இருந்தது.

விமானத்தை வெளியிலிருந்து பார்ப்போம் என்று பார்வையை மாற்றினான். ஓடுபாதையில் விமானம் நின்றிருந்தது. கண்ணாடிக்குள் மாமா, நிறைய முடியோடு, நேராகப் பார்த்துக்கொண்டு.

பக்கத்தில், வலது இருக்கையில், இன்னொருவர்.

அவன் வலது இருக்கைக்குப் பொம்மையே செய்யவில்லை.

அதற்கு முகம் இல்லை. படம் போர்த்தாத வெறும் சாம்பல் நிறம், மூக்கும் கண்குழியும் மட்டும். ஆனால் சட்டை இருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை.

குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். நீலக் கட்டம்.

"ரெடியா?" என்று அக்கா டீயோடு உள்ளே வந்தாள். அவன் அவசரமாகப் பார்வையை உள்பக்கமாக மாற்றினான். அவன் முழங்கை இடித்து டீ மேசையில் சிந்தியது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. இருக்கையில் உட்கார்ந்து, மாமா செய்வதுபோலவே ஹெட்போனை ஒரு பக்கமாக மாட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, ஓடுபாதையில் விமானத்தை நேராகவே ஓட்டினாள். விமானம் எழும்பியது. கீழே வயல்கள் விலகின.

"டேங்க் மாத்தணும் இல்ல? எது இடது?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். முன்னால் என்று சொன்னால் போதும். சரியான பதில். எஞ்சின் ஓடும், அக்கா இறங்கிவிடுவாள், எல்லாம் முடிந்துவிடும். அவர் மேல் அவளுக்கிருக்கும் கோபமும் அப்படியே இருந்துவிடும்.

அக்காவின் கை ஸ்டீயரிங்கில் அப்படியே நின்றது. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்னக்கா?"

அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அவரும் அதையேதான் கேக்குறார்டா," என்றாள் மெதுவாக. "எது இடதுன்னு கேக்குறார்."

"யாரு?"

"பெயின்டரைக் கேளுங்குறார்."

எஞ்சின் சத்தம் நின்றது.

யாரும் எதையும் தொடவில்லை. திரையில் விமானத்தின் விசிறி மெல்லச் சுற்றி ஓய்ந்தது. வயல் மேலே ஏறி வரத் தொடங்கியது. பெட்ரோல் வாசனை கண்ணை எரித்தது.

"நான்தான்க்கா," என்றான். "நான்தான் மாத்திப் போட்டேன். மாமா மேல தப்பில்ல. அவர் கை நான் பழக்குன கை."

எல்லாவற்றையும் சொன்னான். போட்டோவைத் திருப்பியது, திருகாணி, செய்யாமல் விட்ட அந்த ஒரு போன். சொல்லி முடித்தபோது திரை இருண்டிருந்தது. வாசனையும் இல்லை.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"தினம் படுக்கும்போது அவரைத் திட்டிட்டுத்தான்டா படுப்பேன்," என்றாள். "இப்படி விட்டுட்டுப் போயிட்டியே, கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதான்னு. செத்தவரைத் திட்டிட்டு இருந்தேன்."

அவளை ஏறிட்டுப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை. அடித்திருந்தால் இன்னும் தேவலை.

"எல்லார்கிட்டயும் சொல்லு," என்றாள். "கிளப்புல சொல்லு. அவங்க எழுதினதை மாத்தச் சொல்லு. அப்புறம் இந்த வீட்டுக்கு வா."

சொல்கிறேன் என்றான். படியிறங்கும்போது உண்மையாகவே சொல்வதாகத்தான் இருந்தான்.

மறுநாள் கடையில் கூட்டமாக இருந்தது. அதற்கு மறுநாள் கிளப் எண்ணைத் தேடியெடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று வைத்தான். என்னவென்று ஆரம்பிப்பது? எத்தனை பேர் கேட்பார்கள்? அந்த விமானத்தை அவன் இணையத்திலும் ஏற்றியிருந்தான். முகம் தெரியாத பலர் இறக்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், அவர்களில் பறக்கக் கற்றுக்கொள்பவர்களும் இருக்கலாம். முதலில் அதையாவது திருத்துவோம் என்று உட்கார்ந்தான். இந்த முறை எழுத்து சொன்ன பேச்சைக் கேட்டது. முன்னால் இடது, பின்னால் வலது. வலது இருக்கை காலி. நிம்மதியாகப் புதுப் பதிப்பை ஏற்றினான். என்ன மாற்றம் என்று கேட்ட கட்டத்தில் 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் எழுதினான்.

கிளப்புக்குப் போன் செய்யவில்லை.

சில நாள் கழித்து, கடையில் பட்டப்பகலில், ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வரைந்துகொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. பறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாராம். புதுப் பதிப்பு பிரமாதம் என்று பாராட்டியிருந்தார். பக்கத்தில் ஆள் உட்கார வைத்ததுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறதாம். எந்தப் பக்கம் பார்வையைத் திருப்பினாலும் நம்மையே பார்க்கிறாராம், வாய் திறந்தபடியே இருக்கிறதாம், ஏதோ சொல்ல வருவதுபோல. முன்பு இடது இருக்கையில் இருந்த முடிக்காரரை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்றும் கேட்டிருந்தார்.

கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தார்.

இடது இருக்கை காலியாக இருந்தது. வலது இருக்கையில் நீலக் கட்டம் போட்ட சட்டை.

இப்போது அதற்கு முகம் இருந்தது. அவன் முகம்.

படத்தை மூடக் கையை நகர்த்தினான். பின்னால், கடையின் இருக்கை ஒன்றில் யாரோ மெதுவாக உட்காரும் சத்தம் கேட்டது. பெட்ரோல் வாசனை வந்தது.