கடைசிச் சொட்டு

"அய்யய்யோ...! அக்காவுக்கு மூச்சு வரலியே! ஓடியாங்களேன்!"

தேவகியின் அலறலில் சேவூரின் அந்தத் தெருவில் அத்தனை தறிகளும் நின்றன.

வருஷம் 1984. கார்த்திகை மாசம்.

பொன்னியம்மாள் சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்திலேயே சரிந்து கிடந்தாள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. இது இரண்டாவது தடவை!

அவள் புருஷன் குப்புராஜ் டாக்சி பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனான். டாக்டர் ஜினசந்திரன் ஊசி போட்டார். பிழைத்தாள்.

"அலர்ஜிம்மா. எது ஒத்துக்கலன்னு தெரியல. மூணாவது தடவ வந்தா உயிருக்கு நான் கேரண்டி இல்ல. அடுத்த வியாழக்கிழமை தோல்ல குத்தி டெஸ்ட் பண்ணிடலாம்."

"அதுவரைக்கும் டாக்டர்...?"

"அரிப்புக்கு நீங்க முழுங்கற அலர்ஜி மாத்திரைய அடியோட நிறுத்திடணும். உள்ள போச்சுன்னா டெஸ்ட் பொய் சொல்லும்!"

குப்புராஜ் முகத்தைச் சுளித்தான். "இன்னாத்துக்கு டாக்டர் இந்தப் பேஜாரு? மாத்திரைய முழுங்கிகினு கெடக்கட்டுமே..."

பொன்னியம்மாள் அவனை முறைத்தாள். பிள்ளை இல்லாதவள் என்று சொல்லிக் காட்டியே நோகடிப்பவன். கூடப் பிறந்த தேவகி மட்டும் இல்லை என்றால்...!

தேவகி தங்கமான தங்கை. தேவிகாபுரத்திலிருந்து வந்து, அக்கா வீட்டிலேயே தங்கிச் சமையலைப் பார்த்துக்கொள்பவள். அக்காவின் கண்ணெதிரிலேயே மாத்திரை அட்டையைச் சாக்கடையில் வீசினாள். அதோடு விட்டாளா? பஸ் ஏறிப் படவேடு போய், ரேணுகாம்பாள் கோயில் விபூதி வாங்கி வந்தாள்.

"நெத்தியில வச்சிகினு, ஒரு சிட்டிகை வாயில போட்டுக்கோக்கா. காலையில ஒருதரம், சாயந்தரம் ஒருதரம். ஆத்தா பாத்துப்பா."

"இன்னாடி இப்படிக் கசக்குது?"

"ஆத்தா வேப்பலக்காரியாச்சே!"

ஆத்தா பார்த்துக்கொண்டாள் போல... மாத்திரை இல்லாமலே அரிப்பு நின்றது.

வியாழக்கிழமை. மூன்று பேரும் க்ளினிக்கில்.

பொன்னியம்மாளின் முன்கையில் டாக்டர் வரிசையாகச் சொட்டு விட்டார். தூசி... பட்டு நூல்... எள்ளு... முட்டை... மல்லாட்டை என்கிற வேர்க்கடலை... கடைசியாகப் பேர் சொல்லாமல் இன்னொரு சொட்டு... ஒவ்வொன்றிலும் ஊசியால் லேசாக ஒரு குத்து.

கால் மணி நேரம் காத்திருந்தார்கள்.

எதுவும் தடிக்கவில்லை!

"பாத்தியா? ஒண்ணுமில்ல. ஜல்தியா கெளம்பு!" குப்புராஜ் எழுந்தான்.

"உக்காருங்க மிஸ்டர்!" டாக்டரின் குரல் மாறியிருந்தது. "கடைசியா விட்ட சொட்டு, டெஸ்ட் சரியா வேல செய்யுதான்னு பாக்கறதுக்கு. அது யாருக்குக் குத்துனாலும் தடிக்கணும். எனக்குத் தடிக்கும், உங்களுக்கும் தடிக்கும். இவங்களுக்குத் தடிக்கல. அப்படின்னா ஒடம்புல மாத்திரை இருக்கு!"

"நான் சாப்புடல டாக்டர்... சத்தியமா!"

"அப்ப யாரோ குடுக்கறாங்க. டெஸ்ட்ல எதுவும் தெரியக்கூடாதுன்னு!"

பொன்னியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீயாய்யா...?"

"அடியே! ஒரு வாரமா ஒனக்கு நான் தண்ணிகூட மொண்டு குடுக்கலியே!"

உண்மைதான். கொடுக்கவில்லை.

அப்படியானால்...

அவள் கை இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பைக்குப் போனது. விபூதிப் பொட்டலம்! டாக்டர் துளி எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"மாத்திரைய பொடி பண்ணிக் கலந்திருக்கு!"

பொன்னியம்மாள் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தேவகி...! ஒன்ன என் இடுப்புல தூக்கி வளத்தேனேடி! சாமி பேரச் சொல்லியா குடுத்த?"

தேவகி சுவரோடு ஒட்டி நின்றாள். குப்புராஜ் அவள் மேல் பாய்ந்தான்.

"அடிப் பாவி! குடும்பத்தக் கெடுத்தியே! டாக்டர், போலீஸக் கூப்புடுங்க!"

தேவகி நிமிர்ந்தாள்.

"இன்னா மாமா, என்ன மட்டும் மாட்டிவிடப் பாக்கறியா? மல்லாட்ட அவளுக்கு ஆவலன்னு கண்டுபுடிச்சது யாரு? அதப் பொடி பண்ணிக் கொழம்புல கரைக்கச் சொன்னது யாரு? அவ போயிட்டா எனக்குத் தாலி கட்டறேன்னு சொன்னது யாரு?"

குப்புராஜின் பார்வை வாசலுக்கு ஓடியது!

ஒருத்தி கூடப் பிறந்தவள். ஒருத்தன் கட்டினவன். உலகத்தில் பொன்னியம்மாளுக்கு இருந்ததே இந்த இரண்டு பேர்தான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

போலீஸ் வந்து இருவரையும் ஜீப்பில் ஏற்றியது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "மல்லாட்டைதானான்னு உறுதி பண்ண, டெஸ்ட்ட இன்னொரு தடவ செஞ்சுதான் ஆவணும்மா. அதுவரைக்கும் மாத்திரை உள்ள போகக்கூடாது. ஜாக்கிரதையா இருப்பீங்களா?"

பொன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போவாது டாக்டர்... குடுக்கறதுக்கு வீட்ல இனிமே ஆள் இல்லியே!"