ஏணிவழிப் பக்கம்

கார்த்திகை, கடலைவிட்டு எழுந்து ஊரின்மேல் வந்து அமர்ந்திருந்தது. உப்பளங்களின் வெண்குவியல்கள் ஓலைப் போர்வைக்குள் முகம் புதைத்துக் கிடந்தன. சங்கு குளிக்கும் தோணிகள் கரையேறி வாய்மூடி நின்றன. மாதா கோயில் மணியும் சிவன் கோயில் மணியும் ஒரே ஈரத்தில் நனைந்து, ஒன்றையொன்று தேடுவனபோல் ஒலித்தன. நண்பகலிலேயே விளக்கேற்றச் சொல்லும் இருள். தான் செய்ததை ஒவ்வொருவரும் தனியே நினைத்துக்கொள்ளச் சொல்லும் இருள்.

துறைமுகச் சாலையில், கப்பல் சரக்கு இறக்கும் நிறுவனமொன்றின் மாடியறையில், இந்துமதி கணினியின் முன் அசையாது அமர்ந்திருந்தாள். நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புக் கையேடு அவள் பொறுப்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திருத்த எண்ணும் தேதியும் நிற்கும். விதியொன்று மாறினால் அந்தப் பக்கத்தை மட்டும் அச்சிட்டு, எல்லாப் பிரதிகளிலும் பழைய தாளை உருவிப் புதியதைச் செருக வேண்டும். அதுவரை மாற்றம் கணினியில் சிவப்பெழுத்தாய், ஓரத்தில் ஒரு செங்கோட்டோடு காத்திருக்கும். ஏற்றுக்கொண்டால் கோடு மறைந்துவிடும்.

நேற்றே எல்லா மாற்றங்களையும் ஏற்றுவிட்டாள். ஆயினும் ஏணிவழிப் பக்கத்தில் மட்டும் கோடு திரும்பி வந்திருந்தது.

மீண்டும் ஏற்றாள். மறைந்தது. அடுத்த பக்கம் போய்த் திரும்பினாள். இருந்தது; ஒரு விரற்கடை நீண்டு.

அந்தப் பக்கத்தை அவளால் கண்ணெடுத்துப் பார்க்க முடிவதில்லை. கப்பலின் அடியறையில் அடுக்கிய ஈர மரத்தடிகள் காற்றின் உயிரைக் குடித்துவிடும். ஆகவே அறையின் காற்றைச் சோதித்த பின்பே இறங்க வேண்டும் என்றது பழைய பக்கம்; அறைக்கு இறங்கும் ஏணிவழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏணிவழியையும் சோதிக்க வேண்டும் என்ற வரியை அவள் ஆனியிலேயே தட்டச்சிட்டிருந்தாள். ஒரு தாளுக்காக எல்லாப் பிரதிகளையும் பிரிப்பானேன், இன்னும் சில திருத்தங்கள் சேரட்டும் என்று நிறுத்திவைத்தாள். ஐப்பசியில் ஒரு காலை, கப்பலிலிருந்து மேஸ்திரி இனிகோ கைபேசியில் அழைத்தார்.

“தாயி, ஏணிவழிக்குப் புக்குல ஒண்ணும் போடலியே. இறங்கலாமா?”

அச்சேறாதது விதியாகாது என்பது அவள் பழகிய ஒழுங்கு. சிவப்பு வரி கண்ணெதிரே நிற்கும்போதே சொன்னாள்:

“புக்குல இல்லன்னா இறங்குங்கண்ணே.”

பாதி ஏணியில் அவர் பிடி தளர்ந்தது; மேலே வந்தது உடல்தான்.

அன்று மாலையே மேலாளர் சிவப்பிரகாஷ் அவள் மேசையருகே வந்து குனிந்தார். “அந்தப் பக்கத்த ஜூன் தேதி போட்டு எடும்மா. எல்லா புக்குலயும் நானே சொருகிருதேன். ஒத்த வரிக்காக முந்நூறு பேரு சோத்துல மண்ணப் போடவா?” அவள் தேதியை மாற்றினாள். விதி முன்பே இருந்தது, இனிகோதான் மீறினார் என்றாயிற்று. அந்த அழைப்பை அவள் எவரிடமும் சொல்லவில்லை. இன்று விசாரணை அதிகாரி வருகிறார். அவள் கையொப்பத்தோடு அந்தப் பக்கம் அவரிடம் போக வேண்டும்.

கதவருகே ஈரக்குடையோடு யாரோ நின்றார்கள். இனிகோவின் மனைவி மெட்டில்டா.

“கீழ உக்காரச் சொன்னாவ. ஒன்னயப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன் தாயி.”

“உக்காருங்கக்கா.”

“இருக்கட்டும். அவிய புக்கு சொல்லாமக் கால எடுத்து வைக்க மாட்டாவ. சோத்துக்கு உப்பு வேணுமான்னு கேட்டாக்கூட, புக்கப் பாத்துச் சொல்லுதேன்னு என்னயக் கேலி பண்ணுவாவ.” சிரிக்கப் போனவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவிய தப்புன்னு மட்டும் எழுதிராதிய தாயி. கல்லறையில பேரு கெட்டுப்போயிரக் கூடாது.”

இந்துமதி தலையை அசைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

மெட்டில்டா படியிறங்கிய ஓசை தேய்ந்த பின்னும் ஒரு வாடை அறையில் நின்றது. மழையின் மணமன்று, உப்பின் மணமன்று, வெளிச்சம் காணாத ஆழத்தில் நாள்பட ஊறிய மரப்பட்டையின் புளித்த வாடை, குளிர்சாதனத்தின் துளைகள் வழியே மெல்ல மெல்ல இறங்கி, மேசைக்கடியில் தேங்கி, அவள் பாதங்களை நனைத்து, முழங்காலேறி வந்தது. திரையில் செங்கோடு அந்தப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கும், அதற்கடுத்ததற்கும் ஓடிக்கொண்டிருந்தது.

சுவருக்குள், ஏணிப்படியில் கால் வைத்தாற்போல், இரும்பு ஒலித்தது. ஒருமுறை. பின்னும் ஒருமுறை, சற்று மேலே.

கருத்துப் பெட்டியொன்று ஓரத்தில் திறந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ஒரே சொல்.

இறங்கலாமா?

அதன்கீழ் மறுமொழிக்கான இடம். மினுங்கும் சிறு கோடு. காத்திருந்தது.

அவள் விரல்கள் விசைகளின்மேல் நின்றன. உண்மைத் தேதியைத் திரும்ப இட ஒரு கணம் போதும். அந்த அழைப்பைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

“என்னம்மா, ஒரு பக்கம் எடுக்கதுக்குப் பேறுகாலமா பாக்க?” சிவப்பிரகாஷ் உள்ளே வந்தார். “ஆபீசர் காப்பியக் குடிச்சு முடிச்சிட்டாரு.”

“சார், ஏதோ வாடை...”

“மழைக்குச் சாக்கடை பொங்குது. கையெழுத்தப் போடு.”

அச்சுப்பொறி தாளைத் தள்ளிற்று. கோடில்லை. கறையில்லை. ஜூன் தேதி. கையொப்பமிட்டாள். அவர் தாளோடு போனார். கதவு மூடிற்று.

இரும்பு ஒலித்தது. அருகில்.

காற்று மெலிந்தது. இழுத்தாள். வரவில்லை. மீண்டும் இழுத்தாள்.

மேசை இழுப்பறையில் திருச்செந்தூரின் இலை விபூதி இருந்தது. பிரித்தாள். நெற்றியில் இட்டாள். கைகூப்பி, கண்மூடி, தலை தாழ்த்தினாள். நாள்தோறும் ஓதும் பதிகம். முதலடி நாவேறவில்லை. முருகா என்றாள். ஓசையில்லை.

இரும்பொலி நின்றது.

தாழ்ந்த தலையின்மேல் ஒரு கை அமர்ந்தது. கனத்த கை. ஈரம் உச்சியில் இறங்கி, விபூதியைக் கரைத்து, மூக்கின்மேல் சொட்டிற்று. விரலிடுக்கில் மரப்பட்டைச் சிராய்கள். காதருகே, காற்றே இல்லாத ஒரு குரல், பரிவோடு:

“நல்லா இருங்க தாயி. ஆண்டவரு ஒங்களுக்கு நெறஞ்ச மூச்சக் குடுப்பாரு.”