முருகையா கண்ட பிணம்!

"பொணம் சார்! கேட்டுக்கு முன்னால... பொணம்!"

கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்குப் பக்கத்துத் தேயிலை ஆலையின் காவல்காரர் முருகையா, போனில் அலறினார்.

இன்ஸ்பெக்டர் சுகுமாரன் பறந்து வந்தார். குனிந்து பார்த்தார். காலால் ஓர் உதை விட்டார்.

"செத்தவன உதைக்காதீங்க சார், பாவம் லா!"

"யோவ், இது தேயிலைத்தூள் மூட்டை!"

மாதக்கணக்காக ஆலையில் மூட்டைகள் மாயம். திருடன் இந்த கேட் வழியாகத்தான் போகிறான்... இன்று ஒன்றைத் தவறவிட்டும் இருக்கிறான்!

எஸ்டேட் துரை கொதித்தார்.

"இன்னொரு மூட்டை போச்சுன்னா உன் வேலையும் போச்சு!"

"பனி மறைக்குது துரை..."

"பனியா?" சுகுமாரன் அண்ணாந்து பார்த்தார். "வெயில் மண்டையப் பொளக்குது!"

முருகையா திடுக்கிட்டார்.

இரண்டு வருடமாக இறங்கிய பனி... மலையில் இல்லை. அவர் கண்ணுக்குள்!

வேறு ஊராயிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். எப்போதும் குளிரும் பனியுமான கேமரன் மலையாயிற்றே... இன்னொரு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டார்!

"டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேண்ணே!"

லோரியைக் கிளப்பினான் வீரப்பன். ஆலை கேன்டீனுக்குக் காய்கறி இறக்குகிறவன். தங்கமான பையன்.

தானா ராத்தா டவுனில் கண் டாக்டர் கங்கா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்புரை. உள்ள இருக்கிற லென்ஸ் மங்கிப்போச்சு. சொட்டு மருந்துக்கெல்லாம் தெளியாது. அத எடுத்துட்டுப் புது லென்ஸ் வைக்கணும்."

"கண்ணையே வெளிய எடுத்து வைப்பீங்களா?!"

"ஐயோ, இல்ல லா! மரத்துப்போக மருந்து விட்டு, சின்னக் கீறல்தான். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"ரெண்டு கண்ணும் ஒண்ணாவா டாக்டர்?" வீரப்பனுக்கு ரொம்ப அக்கறை.

"மொதல்ல வலது. இடது அப்புறமா."

வீரப்பன் முகம் மலர்ந்தது... ஏன்?!

சில வாரம் கழித்து முருகையா வேலைக்குத் திரும்பினார். ஆகா! வலது கண்ணுக்கு, எதிர் மேட்டில் ஒவ்வொரு கொழுந்தும் தனித்தனியாகத் தெரிந்தது!

மாலையில் வீரப்பனின் லோரி வெளியே கிளம்பியது. எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக உரசிப் போகும் லோரி... அன்று இடப்பக்கமாக ஒதுங்கியது!

"காலிக் கூடைண்ணே!"

"நிறுத்துடா!"

கூடைகளுக்கடியில் துருத்திக்கொண்டு... மூட்டை! மூட்டை! மூட்டை!

சுகுமாரன் விலங்கை மாட்டினார். வீரப்பன் விசும்பினான்.

"நல்ல பேரு வாங்கினா சந்தேகம் வராதுன்னுதாண்ணே உங்களக் கூட்டிட்டுப் போனேன்! இடது கண்ணுல இன்னும் புரை இருக்கே... பார்த்துப் பார்த்து அந்தப் பக்கமாத்தானே ஓட்டினேன்! எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?"

முருகையா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கழுத்தத் திருப்பினேன் லா!"