புது நேம்சர்வர்... பொய் விலாசம்!

செல்போன் அலறியது.

திரையில் தம்பியின் எண். கீபோர்டிலிருந்து ஒரு கையை எடுத்து, போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுடா... வேலையா இருக்கேன்."

"அக்கா! என்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்க! கண்ணைக் கட்டி..."

'பளார்!'

தம்பியின் அலறல். அப்புறம், தொண்டையில் மண் அடைத்த மாதிரி ஒரு கரகரத்த குரல்.

"உங்க வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாத்தப் போறியாமே?"

"யா... யாரு நீ?"

"நேம்சர்வரை உடனே மாத்து. டெஸ்ட் கிஸ்ட்னு எதையும் நோண்டாதே. போலீஸ்னு வாயைத் திறந்தே... உன் தம்பியைப் பொட்டலமாத்தான் பார்ப்பே!"

லைன் கட்டானது.

டயர் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை ஆபீஸ் அவளைச் சுற்றிச் சுழன்றது. அம்மா, அப்பா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சிய ஒரே உறவு அவன்தான். பொண்டாட்டி சொல்லாமல் கொள்ளாமல் போனதிலிருந்து பாதி உயிராகத் திரிகிறவன்.

எதிர் மேஜையில் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பள்ளிக்கூடத்தை விட்டு வருஷங்கள் ஆகியும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அடி உதை தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவரும் பெண்களை ரகசிய இடங்களில் மறைத்துக் காப்பாற்றுகிறவர். அந்தப் பெண்கள் உதவி கேட்டு எழுதுவது இந்த வெப்சைட்டின் மெயிலுக்குத்தான். வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

"என்னம்மா ஆச்சு? முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

சொன்னாள். சொல்லும்போதே உடைந்தாள்.

"புது சர்வரை இலவசமா வாங்கிக் கொடுத்ததே அவன்தானே டீச்சர்! அவன் வேலை பார்க்கற கம்பெனி! அதனாலதான் அவனைத் தூக்கியிருக்கானுங்க!"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விழுங்கிக்கொண்டார்.

"டெஸ்ட் பண்ணாதேன்னா, பண்ணா ஏதோ தெரிஞ்சிடும்னு அர்த்தம். பண்ணிடு."

நேம்சர்வர் என்பது வழி சொல்லும் ஆள் மாதிரி. வெப்சைட்டின் பெயரைச் சொன்னால், பக்கங்கள் எந்த சர்வரில் இருக்கின்றன, மெயில் எங்கே போக வேண்டும் என்று விலாசம் சொல்லும். ஊர் உலகமெல்லாம் இன்னும் பழைய நேம்சர்வரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தன் கம்ப்யூட்டரை மட்டும் புதியதிடம் கேட்க வைத்தாள்.

வெப்சைட்? புது சர்வர். சரி.

மெயில்?

பதிலைப் பார்த்தாள். திரையை டீச்சர் பக்கம் திருப்பினாள்.

"டீச்சர்... இது நம்ம மெஷினே இல்லை! மாத்தினா, நம்ம பொண்ணுங்க எழுதற ஒவ்வொரு மெயிலும் நேரா எவனோ ஒருத்தன் கைக்குப் போகும்!"

"ஒளிஞ்சிருக்கற இடத்தை வேற அதுலதான் எழுதுவாங்க... பாவி! எவளையோ தேடறான்!"

"மாத்தலைன்னா என் தம்பி செத்துடுவான் டீச்சர்!"

"மாத்தினா?"

புறங்கையைக் கடித்துக்கொண்டு திரையையே வெறித்தாள். கண்ணீர் கீபோர்டில் சொட்டியது.

சட்டென்று நிமிர்ந்தாள்.

"மாத்த வேண்டாம்... மாத்தின மாதிரி காட்டினா போதும்! என் மெஷின் இப்போ புது நேம்சர்வரைத்தான் கேக்குது. இதுலேர்ந்து நான் அனுப்பற மெயில் மட்டும் அவன்கிட்டே போகும். மத்தவங்களோடது வழக்கம்போல நமக்கே வரும்!"

டீச்சர் ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தார்.

"போலீஸ் வேண்டாம் டீச்சர்! கொன்னுடுவானுங்க!"

"எனக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டரம்மா. சத்தமில்லாம வருவா. என்னை நம்பு."

நம்பினாள். வேறு வழி?

இன்ஸ்பெக்டரம்மா போனில் சொன்ன விலாசத்தை வைத்து டைப் அடித்தாள். 'டீச்சர், அவர் என்னைத் தேடி அலைகிறார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நீலக் கதவு வீட்டில் தனியாக இருக்கிறேன். பயமாக இருக்கிறது.'

பெயர் போடவில்லை. எவளைத் தேடுகிறானோ, அவளே என்று நினைக்கட்டும்!

அனுப்பிவிட்டு, தம்பியின் எண்ணுக்கு அடித்தாள். கரகரத்த குரல் எடுத்தது.

"மாத்திட்டேன். ஊர் உலகமெல்லாம் பரவக் கொஞ்சம் நேரமாகும். என் தம்பியை விட்டுடு... உன் காலில் விழறேன்!"

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு.

"வந்துடுச்சு... வந்துடுச்சு! ஒரு சின்ன வேலை பாக்கி. முடிச்சிட்டு விடறேன்."

நீலக் கதவு வீடு, இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தெரிந்த காலி வீடு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவளும் டீச்சரும். எதிர் அறையில் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். 'வர்றவன் வாயைத் திறக்கணும், தம்பி உயிரோட கிடைக்கணும்' என்று அவள் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

தடால்!

கதவு உதைபட்டுத் திறந்தது. ஹெல்மெட் போட்ட ஓர் உருவம். கையில் கத்தி!

"எங்கேடி இருக்கே? வெளியே வா!"

"பிடிங்க!"

கான்ஸ்டபிள்கள் பாய்ந்தார்கள். கத்தி தெறித்து விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஹெல்மெட்டைப் பிடுங்கினார்.

தம்பி!

முகத்தில் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை.

"அ... அக்கா? என்னைக் காப்பாத்த வந்தியா?"

அவள் அவனை நோக்கி ஓடினாள். டீச்சர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இவன் பொண்டாட்டி என்கிட்டதான் இருக்காம்மா. விலா எலும்பு உடைஞ்சு வந்தா. உன்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"அப்போ... அந்தக் கரகரக் குரல்? அந்தப் பளார் சத்தம்?"

தம்பி தலையைக் குனிந்தான். "நானேதான். கன்னத்துல அடிக்கலை... கையைத் தட்டினேன்."

எத்தனை நாள் இவன் அழுகையைத் துடைத்துவிட்டிருக்கிறாள்! எத்தனை முறை அந்தப் பெண்ணைத் திட்டியிருக்கிறாள்!

"ஆமாடா... காப்பாத்தத்தான் வந்தேன். உன்கிட்டேர்ந்து அவளை!"

இன்ஸ்பெக்டர் அவன் மணிக்கட்டை இழுத்து விலங்கை மாட்டினார்.

"கடத்தினவனும் நீ... கடத்தப்பட்டவனும் நீ! எங்களுக்கு ஒரு விலங்கு மிச்சம்!"