மண்டபத்து அடுக்களையின் ட்ரிப்பர்

"அத இளக்கித் தூரப் போடும் ஓய். இந்தப் பொட்டி இல்லாத காலத்துல ஊருல கல்யாணமே நடக்கலியா?"

சுயம்புராஜின் குரல் தக்கலை பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். சொந்த மண்டபம், மறுநாள் காலையில் சொந்த மகள் நந்தனாவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. இத்தனை பெருமையையும் அடுக்களைச் சுவரில் இருந்த உள்ளங்கை அளவு ட்ரிப்பர் ஒன்று காலையிலிருந்து ஏழு தடவை அணைத்துப் போட்டிருந்தது. வயரிலோ மெஷினிலோ கசிவு கண்டால், ஆளைக் கொல்லும் முன்னே கரண்டை வெட்டிவிடுகிற பெட்டி அது. எலக்ட்ரீசியன் குமாரதாஸ் துபாயில் படித்துவந்த வித்தை. கொண்டுவந்த செண்டு பாட்டில்கள் தீர்ந்த பிறகும் அந்த வித்தையைப் பற்றிய பேச்சு மட்டும் அவனிடம் தீரவில்லை.

"எங்கயோ கசியுது மொதலாளி. கண்டுபிடிக்காம பொட்டிய விட்டுட்டுக் கரண்ட நேரா குடுக்கப்பிடாது."

"கசிஞ்சா காட்டும். எங்கன்னு காட்டும்."

அதைத்தான் காட்ட முடியவில்லை. புகைபோக்கி ஃபேனைக் கழற்றினான், ஃப்ரிட்ஜைக் கழற்றினான், துருவல் மெஷினைக் கழற்றினான். கடைசியில் மூலையில் நின்ற பெரிய கிரைண்டர் மட்டும் ஓடியது. பத்து நிமிஷத்தில் ட்ரிப்பர் விழுந்தது. ஏற்றிவிட்டான். அடுத்து அரைமணி நேரம் ஒழுங்காக ஓடி, அவன் பீடி பற்றவைக்க வெளியே போன நேரம் பார்த்து மறுபடி விழுந்தது. கசிவு அளக்கும் மெக்கரை வைத்துப் பார்த்தால் மோட்டார் சுத்தம், வயரும் சுத்தம். சாக்கெட்டுக்குள் ஒரு பல்லி முட்டைகூட இல்லை. எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினான். ஆவணிச் சாரல் அதற்கு முன்பே வேண்டிய மட்டும் ஊற்றியிருந்தது.

சாரலால் பகல் மூன்று மணிக்கே அடுக்களை இருண்டு கிடந்தது. தரை முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று அவியலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள் பூங்கனி. அவள் காலுக்குக் கீழே போட ரப்பர் பாய் ஒன்றைக் குமாரதாஸ் வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்தான். சமையலுக்குத் தலைவரான தவசிப்பிள்ளை முத்துநாயகம் அதை வாசலிலேயே தடுத்துவிட்டார். அடுப்பு மூட்டும்போது மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையார், பந்தி முடியும்வரை அடுப்படியில் இருப்பார். அதுவரை செருப்பும் ஆகாது, கண்டவன் மிதித்த ரப்பரும் ஆகாது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று ஒரு குத்தும் வைத்தார். குமாரதாஸ் பாயைச் சுருட்டிக்கொண்டான். எதிர்த்துப் பேசும் வழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்திருந்தால் செல்லக்கனி இன்றைக்கும் உயிரோடு இருப்பாள்.

செல்லக்கனி, பூங்கனியின் அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன், இதே மூலையில், இதே கிரைண்டரில் வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டு நின்றவள். அன்றைக்கும் ட்ரிப்பர் விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்கும் சுயம்புராஜ் இதே தொண்டையில் கத்தினார். குமாரதாஸ் ட்ரிப்பரைத் தாண்டி ஒரு துண்டு வயரைக் கொடுத்து, "தொடு மக்கா, ஒண்ணும் ஆவாது" என்றான். மாவு அப்பிய அவள் வலது கையை மெஷினிலிருந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தவனும் அவனே. டாக்டர் வருமுன் வயர்த்துண்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மாரடைப்பு என்றார்கள். ஊரும் சரி என்றது. விஷயம் தெரிந்தது அவன் பெண்டாட்டி நேசபாய்க்கு மட்டும். நேசபாய்க்குத் தெரிந்தது பிறகு யாருக்குத்தான் தெரியாது?

பத்தாவது தடவை விழுந்தபோதுதான் அவனுக்கு அந்த மணம் பிடிபட்டது. அரைத்த உளுந்தின் பச்சை மணம், நுரை பொங்கிய மாவின் மணம், அடுக்களையில் அன்று ஒரு பிடி உளுந்துகூட நனையாமலிருக்க, ட்ரிப்பர் இருந்த சுவரின் பக்கமிருந்து மெல்லக் கசிந்து, தேங்காயையும் சீரகத்தையும் அமுக்கிக்கொண்டு அவன் மூக்குக்குள் வந்தது. முத்துநாயகத்திடம் கேட்டான். உமக்கு மூக்கிலும் கசிவா என்றார் அவர்.

பிறகு வேறொன்றைக் கண்டான். பூங்கனி தேங்காயைத் தள்ளிவிடக் கை நீட்டும்போதெல்லாம் விழுகிறது. அவன் தொட்டான், விழவில்லை. முத்துநாயகத்தைத் தொடச் சொன்னான், விழவில்லை. பூங்கனி நீட்டினாள். டக்.

கை பட்ட பிறகு விழுந்திருந்தால் பரவாயில்லை. அது கசிவு. அவள் விரலுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. படும் முன்னே விழுகிறது. எந்தப் பெட்டிக்கும் அந்த அறிவு கிடையாது.

"மொதலாளி, இந்தப் பிள்ளைய மட்டும் மாத்தி விடும்" என்றான்.

காரணம் கேட்டார் சுயம்புராஜ். என்னவென்று சொல்வான்? இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் போட்ட வயரையும் சொல்ல வேண்டும். நாலாயிரம் பேருக்கு அவியல், அரைக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான், உனக்குப் பைத்தியமா என்று அவர் ஆரம்பித்ததும் குமாரதாஸ் தலையைக் குனிந்துகொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தான். நான்தான் தொட்டுப் பார்த்தேனே, மெஷின் சுத்தம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இரண்டு ஸ்குரூ. ஒரு துண்டு வயர்.

காவலுக்கு மெயின் சுவிட்சின் பிடியில் கை வைத்து நின்றான். ஏதாவது என்றால் இழுத்துவிடலாம்.

கிரைண்டர் ஓடியது. பூங்கனி திரும்பிப் பார்த்தாள்.

"தொடட்டா அண்ணே?"

மாவு மணம் மூக்கில் ஏறியது.

"தொடு மக்கா. ஒண்ணும் ஆவாது."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, என்ன சொன்னோம் என்று.

அவள் கை நீண்டது. ட்ரிப்பர் பெட்டியின் மேல் வெள்ளையாக ஒரு விரல் பதிந்தது. இரண்டு. ஐந்து. ஈர மாவு. கை இல்லை, விரல் தடம் மட்டும். அழுத்தியது. டக்.

விழுந்தது. கரண்டு நிற்கவில்லை.

ட்ரிப்பரின் குமிழ் தானாக மேலே ஏறியது. டக். மறுபடி ஏறியது. டக். டக். டக். மாவு சுவரில் வழிந்தது. கிரைண்டர் ஓடியது.

இழுக்க வேண்டும். கை பிடியில்தான் இருக்கிறது. இழுத்தால் போதும்.

கை அசையவில்லை.

பூங்கனி தொட்டாள்.

மறுநாள் முகூர்த்தம் தள்ளிப் போகவில்லை. பூங்கனிக்கும் மாரடைப்புதான், குடும்ப வாகு என்றார் முத்துநாயகம். அவியல் மட்டும் வெளியிலிருந்து வந்தது, உப்புக் கூடுதல். நந்தனா மாப்பிள்ளையோடு மஸ்கட் போய்ச் சேர்ந்தாள், இப்போது இரண்டு பிள்ளைகள். சுயம்புராஜ் மண்டபத்துக்கு ஏசி போட்டார். குமாரதாஸ் வேலையை விட்டுவிட்டு அஞ்சுகிராமத்துக்கு அப்பால், வயல் நடுவே, இன்னும் கரண்டு இழுக்காத வீடொன்றைத் தேடிப் பிடித்துக் குடிபோனான். மண்ணெண்ணெய் விளக்கு, அம்மி, கிணற்றுத் தண்ணீர். துபாய்க்காரன் பவிசு என்று ஊரில் நாங்கள் சிரித்தோம்.

போன மாசம் நேசபாய் வடசேரிச் சந்தையில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அடுக்களைக்குள்ளும் இப்போது செருப்போடுதான் நடக்கிறாளாம். வயர் ஏறாத அந்தச் சுவரில், மெயின் பிடி இருக்க வேண்டிய உயரத்தில், தினமும் காலையில் ஈரத்தோடு இரண்டு கைத்தடம். தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறாள், மறுநாள் இருக்கிறது. ஒன்றில் உளுந்து மணம். மற்றதில் தேங்காயும் சீரகமும்.

இரண்டும் வலது கை.