குங்குப் பூச்சியும் பன்னிரண்டு விளக்கும்

லுசுங்குவின் வலது கை ஆட்காட்டி விரலுக்கு ஒரு வாரமாக ஓய்வே இல்லை. சுவரைப் பார்த்தால் அமுக்கியது. கதவைப் பார்த்தால் அமுக்கியது. படித்துக்கொண்டிருந்த அண்ணன் தாவோங்காவின் மூக்கைக்கூட விடவில்லை.

"அடியே! என் மூக்கு என்ன சுவிட்சா?"

"பழகிப் பார்க்குறேண்ணா. அன்னிக்கு விரல் நடுங்கிட்டா என்ன பண்றது?"

நடுங்காமல் இருக்குமா? மலாவி ஏரிக்கரையில் இருக்கும் கவாலே ஊருக்கு முதன்முதலாகக் கரண்டு வரப்போகிறதே! மேட்டின் மேல் சூரியத் தகடுகள் வரிசையாக நின்றன. பகலெல்லாம் வெயிலை வாங்கிப் பெரிய பெரிய பேட்டரிகளில் சேர்த்து வைத்தன. அங்கிருந்து ஊருக்குள் பன்னிரண்டு கம்பங்கள், கம்பத்துக்கு ஒரு விளக்கு. முதல் சுவிட்சை யார் போடுவது என்று பள்ளிக்கூடத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். இருநூறு சீட்டில் லுசுங்குவின் சீட்டு வந்தது. அப்போது அவள் போட்ட கத்தலில் பள்ளிக்கூடத்து ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இருந்தது. தெருவிளக்கு எரிந்த மறுநாளே பள்ளிக்கூடத்துக்குக் கம்பி இழுப்பதாக இன்ஜினியர் அக்கா லோங்வே சொல்லியிருந்தார். தாவோங்கா எட்டாம் வகுப்பு. பெரிய பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. செல்போன் டார்ச்சை நெற்றியில் துணியால் கட்டிக்கொண்டு படிப்பான். சார்ஜ் தீர்ந்தால் படிப்பும் தீர்ந்தது. போன வருடப் பரீட்சையில் அவன் தோற்றதற்கு அந்தச் செல்போன்தான் காரணம் என்று லுசுங்கு உறுதியாக நம்பினாள்.

அந்த நாளும் வந்தது. அமாவாசை. பொழுது சாயும் நேரம் ஏரியின் நடுவே கரும்புகை மாதிரி ஏதோ எழும்பியது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படகுக்குக் கிளம்பிய அப்பா அதைப் பார்த்தார். "குங்கு எழும்புது போல இருக்கே" என்றார்.

"போகட்டும்ப்பா! நான் சுவிட்ச் போடுறதைப் பார்க்காம போறியே!"

"அமாவாசையில மீனை விட்டா அப்புறம் ஒரு மாசம் காத்துக் கிடக்கணும்டா. நான் படகுல இருந்தே பார்க்குறேன். நீ போடு, ஊரே ஜொலிக்கட்டும்!"

குங்கு என்றால் கொசுவிலும் சின்னப் பூச்சி. கடிக்காது; பிடித்தால் அடை தட்டித் தின்பார்கள். ஆனால் லட்சம் லட்சமாக ஏரியிலிருந்து கிளம்பும். குங்கு வரும் நாளில் கவாலேயில் யாரும் வீட்டு விளக்கைத் தூண்ட மாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு ஒருத்தருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

மைதானத்தில் கூட்டமோ கூட்டம். டீக்கடை நியமாண்டா அக்கா பெரிய அண்டாவில் மரவள்ளிக் களி கிண்டிக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் வெள்ளை உடுப்பில், சுரைக்குடுக்கைக் குழலோடு வரிசையாக நின்றார்கள். ஊர்த்தலைவர் காமங்கா புதுக் கோட்டு போட்டிருந்தார்.

"போடும்மா!" என்றார் தலைவர்.

லுசுங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

டக்!

பன்னிரண்டு விளக்கும் ஒன்றாக எரிந்தன. அடேயப்பா! மைதானத்தில் ஒவ்வொருவர் முகமும் பளிச்சென்று தெரிந்தது. "ஏய், உனக்கு முன்பல் இல்லைங்கறதே இப்பத்தான் தெரியுது!" என்று யாரோ யாரையோ கிண்டல் செய்தார்கள். கை தட்டல், விசில், குழலோசை! லுசுங்கு குதித்த குதியில் ஒரு செருப்பு எங்கேயோ பறந்தது.

அப்போதுதான் ஏரிப் பக்கமிருந்து "ங்ங்ங்ங்" என்று ஒரு சத்தம் வந்தது.

வந்தது பாருங்கள் குங்கு! மேகம் மேகமாக வந்து பன்னிரண்டு விளக்கையும் மொய்த்தது. களி அண்டாவில் விழுந்தது. காதில் போனது, மூக்கில் போனது. குழல் ஊதியவர்கள் மூச்சை இழுத்ததும் பாதிப் பூச்சி தொண்டைக்குள் போய்விட்டது. தலைவர் பேச வாயைத் திறந்தார். திறந்ததோடு சரி.

"அய்யோ என் களி!" என்று நியமாண்டா அக்கா அலறினார்.

"அணைங்க, அணைங்க!"

லோங்வே அக்கா ஓடிப்போய் எல்லாவற்றையும் அணைத்தார். ஊர் பழையபடி இருண்டது. இருட்டில் இருமலும் தும்மலும்தான் கேட்டன.

"விளக்குன்னா குங்கு வரும்னு தெரியும். கரண்டுக்கும் வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஒருவர்.

"எல்லாம் சுவிட்சைப் போட்ட கைராசி!" என்றார் நியமாண்டா அக்கா.

லுசுங்குவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விரலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள்.

தலைவர் இன்னும் துப்பிக்கொண்டே இருந்தார். "இந்த ஊருக்கு இது ஒத்து வராது, லோங்வேம்மா. காலையில கம்பத்தையெல்லாம் பிடுங்கிக்கிட்டுப் போங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கய்யா. பள்ளிக்கூடத்துக்கான கம்பி இன்னும் படகுலயேதான் இருக்கு. நீங்க வேணாம்னா நாளைக்கு அடுத்த ஊருக்குக் கொண்டு போயிடுவோம்."

"தாராளமா கொண்டு போங்க!"

தாவோங்கா தங்கையின் தொலைந்த செருப்பைத் தேடலாம் என்று நெற்றி டார்ச்சைப் போட்டான். போட்டதுதான் தாமதம், அத்தனை குங்குவும் அவன் முகத்தில் அப்பிக்கொண்டது. "ஆ! ஊ!" என்று கத்திக்கொண்டு ஓடினான். பூச்சிக் கூட்டமும் கூடவே ஓடியது. டார்ச்சை அணைத்த பிறகுதான் விட்டது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் லுசுங்கு திரும்பினாள். ஏரியில் ஒரே ஒரு வெளிச்சம் தெரிந்தது. அப்பாவின் படகு விளக்கு! மீனைக் கூப்பிட அப்பா விளக்கேற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவர் குரல் கேட்டது.

"அட நாசமாப் போன குங்கே! ஊரை விட்டுட்டு ஏன் என் தலையில வந்து விழுற?"

லுசுங்கு காதைத் தொட்டுப் பார்த்தாள். பூச்சி இல்லை. மூக்கிலும் இல்லை. மைதானமே காலி!

"அக்கா!" என்று லோங்வேயின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு விளக்கை மட்டும் தனியா போட முடியுமா?"

"முடியுமே. நீ போட்டது மொத்த சுவிட்ச். ஒவ்வொரு கம்பத்துக்கும் தனித்தனி சுவிட்சும் இருக்கு. ஏன் கேட்குற?"

"தண்ணிக்குப் பக்கத்துல, மீன் இறக்குற இடத்துல இருக்குதே பன்னிரண்டாவது கம்பம், அதை மட்டும் போடலாம்க்கா! குங்கு எல்லாம் அங்கேயே போயிடும். இங்க வராது!"

"மறுபடியுமா?" தலைவர் பதறிப்போய்க் கோட்டின் காலரை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை, தலைவரய்யா. இங்க வந்துச்சுன்னா ஒரு மாசம் உங்க வீட்டு வாசலை நானே பெருக்குறேன்."

தலைவர் யோசித்தார். அவர் வீட்டு வாசல் ரொம்பப் பெரியது.

"சரி, போடு" என்றார்.

லுசுங்குவின் விரல் இந்தத் தடவை நிஜமாகவே நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

டக்!

ஏரிக்கரையில் பன்னிரண்டாவது விளக்கு மட்டும் எரிந்தது. எல்லாரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு பூச்சிகூட வரவில்லை. கரையில் அந்த ஒற்றை விளக்கைச் சுற்றிக் கறுப்புத் தூண் மாதிரி குங்கு சுழன்றது.

"அடி லுசுங்கு!" நியமாண்டா அக்கா துள்ளி எழுந்தார். "எல்லாரும் என்ன வேடிக்கை பார்க்குறீங்க? கூடையை எடுங்கடி! சட்டியை எடுங்கடி! வருஷம் பூரா தேடினாலும் இவ்வளவு குங்கு ஒரே இடத்துல கிடைக்குமா?"

அவ்வளவுதான், ஊரே கரைக்கு ஓடியது. கூடையிலும் சட்டியிலும் எண்ணெய் தடவி, கையை நீட்டிச் சுழற்றினார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு கை குங்கு ஒட்டியது. சின்னப் பிள்ளைகள் தட்டை ஆட்டினார்கள். தலைவர்கூடத் தொப்பியைச் சுழற்றினார். பிடித்ததைப் பிசைந்து, உருட்டி, தட்டி அடுப்பில் போட்டார்கள். குங்கு அடை வாசனை கரையெல்லாம் கமகமத்தது.

அப்பா படகைக் கரைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். "லுசுங்கு! தண்ணியில விழுற குங்குவைத் தின்ன மீன் கூட்டமே இங்கதான் நிக்குது! வலை தாங்கல!"

லோங்வே அக்கா பட்டணத்துக்காரர். கையில் கொடுத்த அடையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதை… சாப்பிடணுமா?"

"ஏற்கெனவே அரைப்படி தின்னுட்டோம், பச்சையா. இது வெந்தது. பயப்படாம தின்னும்மா" என்றார் தலைவர்.

அக்கா ஒரு துண்டு கடித்தார். அப்புறம் மூன்று அடை தின்றார்.

குங்கு ஓய்ந்ததும் மைதானத்து விளக்குகளை ஒவ்வொன்றாக லுசுங்குவே போட்டாள். ஆட்டக்காரர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு குழலை எடுத்தார்கள். நியமாண்டா அக்கா அவள் விரலைப் பிடித்து முத்தம் கொடுத்து, "கைராசின்னா இதுதான் கைராசி!" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன் சொன்னது அவருக்கு மறந்தே போயிருந்தது.

தலைவர் எழுந்து நின்றார். "கேட்டுக்கோங்க! இனிமே குங்கு எழும்புற அன்னிக்கு முதல்ல கரை விளக்கு. அப்புறம்தான் மத்த விளக்கு. சுவிட்ச் லுசுங்கு பொறுப்பு. லோங்வேம்மா, அந்தக் கம்பியைப் படகுல இருந்து இறக்குங்க!"

நான்கு நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் விளக்கு எரிந்தது. தாவோங்கா நெற்றித் துணியை அவிழ்த்துத் தங்கையின் தலையில் கட்டிவிட்டு, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கணக்குப் புத்தகத்தை விரித்தான். நெற்றியில் டார்ச் இல்லாமல் இராத்திரியில் அண்ணன் படிப்பதை லுசுங்கு முதன்முதலாகப் பார்த்தாள். அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆட்டை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

எங்கிருந்தோ வழி தவறிய ஒரே ஒரு குங்கு பறந்து வந்து புத்தகத்தின் மேல் விழுந்தது.

தாவோங்கா அதை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.