இறங்காத பச்சை முள்

காலையில் விருப்பமானியைத் துடைத்து வைப்பதுதான் என் முதல் வேலை. நெற்றியில் ஒட்டும் வில்லைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காவிட்டால், முந்தின ஆளின் வியர்வைக்கும் சேர்த்து முள் ஆடும். மதுரையில் வியர்வைக்கா பஞ்சம்? வெளியே ஐம்பது டிகிரி. துடைத்து முடித்து, டீயைக் குடித்துவிட்டு, முதல் டோக்கனைக் கூப்பிடுவேன்.

அன்று முதல் டோக்கன் அழகுபாண்டி. பெண்கள் கபடி அணியின் பயிற்சியாளர். பக்கத்தில் அவர் மனைவி செம்மலர், நெல் விஞ்ஞானி. காவிரிப் பக்கம் நெல் பொய்த்து, சைபீரியாவில் விளைய ஆரம்பித்த பிறகு, நெல் தெரிந்தவர்களுக்கு அங்கேதான் வேலை. செம்மலருக்கும் அழைப்பு வந்திருந்தது. கணவரும் கூடப் போக வேண்டுமானால் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு காலத்தில் ஒருவருக்கு வேலை மாறினால் மற்றவர் பெட்டி படுக்கையோடு பெட்டி படுக்கையாகக் கிளம்பிவிடுவார். 'உனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்' என்று ஆயுசுக்கும் குத்திக்காட்டுவார். அந்தச் சண்டைகள் முற்றி, பாதிப்பேர் திரும்பி ஓடிவந்த பிறகுதான் உடன்பெயர்வுச் சட்டம் வந்தது. கூடப் போகிறவருக்கு உண்மையிலேயே ஆசை இருக்க வேண்டும். விருப்பமானியில் இரண்டு முள். பச்சை, ஆசை. சிவப்பு, தியாகம். சிவப்பு மேலே நின்றால் அனுமதி கிடையாது. வாய்ப்பு மூன்று முறை.

அழகுபாண்டி இரண்டு முறை தோற்றிருந்தார். முதல் தடவை சிவப்பு முள் உச்சியில் போய் முட்டிக்கொண்டது.

"மெஷினு பொய் சொல்லுது மேடம். நான் மனசாரத்தான் சம்மதிச்சேன்" என்றார்.

"சம்மதம் வேற, ஆசை வேற சார்" என்றேன். தினமும் பத்துப் பேரிடமாவது இதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் எதற்குத்தான் டியூஷன் இல்லை? ஆசைப்படுவதற்கும் வந்துவிட்டது. கோரிப்பாளையத்தில் மட்டும் நாலு விருப்பப் பயிற்சி மையம். அழகுபாண்டி ஒன்றில் சேர்ந்தார். குளிர் அறையில் உட்காரவைத்து, பனிக்காட்டைக் காட்டி, அந்த ஊர் ரொட்டியைத் தின்னக் கொடுப்பார்களாம். "வந்த ஆசையைத் திருப்பி எடுக்க எங்ககிட்ட வழியில்ல, யோசிச்சுக்கங்க" என்று முதல் நாளே எச்சரித்தார்களாம். மனுஷன் யோசிக்கவே இல்லை. இரண்டாம் தடவை தோற்ற பிறகும் விடாமல் போனார். கபடி மைதானத்துக்குப் போவது குறைந்தது.

இது மூன்றாவது தடவை. வில்லைகளை ஒட்டி, பொத்தானை அழுத்தினேன். பச்சை நிதானமாக ஏறிக்கொண்டே போனது. சிவப்பு அசையவே இல்லை.

"பாஸ் சார்!" என்று நானே கத்திவிட்டேன். என் வேலைக்கு அது அழகில்லைதான்.

"பாத்தியா மலரு!" அவர் கண் கலங்கிவிட்டது. "இப்பெல்லாம் கனவுல கூட பனிதான் மேடம். அங்கிட்டு போயி பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் குடுக்கப் போறேன், பனியிலயே!"

இனி ஒரே ஒரு சடங்கு. கூடப் போகிறவர் தேறினால், அழைத்துப் போகிறவரும் ஒருமுறை உட்கார வேண்டும். முடிவு தெரிந்த பரீட்சை என்பதால் பலர் போனைப் பார்த்துக்கொண்டே உட்காருவார்கள். செம்மலர் உட்கார்ந்தார். "இவர் கூட வரணுமா?" என்ற கேள்வி திரையில் வந்தது.

பச்சை கொஞ்சம் எழுந்து நின்றுவிட்டது. சிவப்பு அதைத் தாண்டிப் போனது.

வில்லையைக் கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டினேன். அதேதான்.

"என்னா மேடம், கோளாறா?" என்றார் அழகுபாண்டி.

நான் பதில் சொல்வதற்குள் செம்மலர் பேசினார். "கோளாறு இல்லைங்க. ரெண்டு தடவை நீங்க தோத்தப்போ, இனி தனியாத்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அங்க தனியா வீடு பார்த்தேன். ஒத்த ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல்னு யோசிச்சு யோசிச்சு..." குரல் உடைந்தது. "அது பிடிச்சுப் போச்சுங்க. நீங்க இவ்வளவு பாடுபட்டீங்களேன்னுதான் இன்னைக்கு வாங்கன்னு சொன்னேன்."

மனைவியின் நெற்றியில் இருந்த வில்லைகளை அழகுபாண்டியே மெதுவாக எடுத்து என்னிடம் கொடுத்தார். மேல்முறையீடு கிடையாது என்பதைச் சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன்.

செம்மலர் ஆவணியில் கிளம்பிப் போனார்.

அழகுபாண்டி அவ்வப்போது அலுவலகம் வருகிறார். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வில்லைகளை எடுத்து ஒட்டிக்கொள்கிறார். விதிப்படி தப்புதான், யார் கேட்கப் போகிறார்கள்? மைதானத்தில் விசில் ஊதினால் அலுப்பாக இருக்கிறதாம். இந்த ஊர் வெயில் முன்பு உறைத்ததே இல்லையாம்.

நேற்றும் வந்தார்.

"எறங்கிருச்சா மேடம்?"

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். பச்சை, போன தடவையைவிட மேலே இருந்தது.

"கொஞ்சம் இறங்கியிருக்கு சார்."

சிரித்தார். "உங்களுக்குப் பொய்யே சொல்ல வரல."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது.

"அங்கிட்டு இந்நேரம் பனி விழ ஆரம்பிச்சிருக்கும் மேடம்" என்றார்.